கழுவி உலர்த்தியது

கம்பைநல்லூர்
10-1-1988

அண்ணன் நூர் பாஷா அவர்களுக்கு ஷகிலா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

அம்மா நலம். நான் இருக்கிறேன்.

நேற்று உங்கள் சங்கத்தின் அழைப்பு அவர் பெயருக்கே வந்தது. 'திரு. அப்துல் சுபான், மெக்கானிக்' என்று உறையின் மேல் டைப் அடித்திருந்தது. பழைய செமிகண்டக்டர் இயந்திர வியாபாரிகள் சங்கத்தின் ஆறாவது ஆண்டுக் கூட்டம், பிப்ரவரி 28, ஞாயிற்றுக்கிழமை, ஓசூர். அவர் இறந்து மூன்று மாதம் முடிந்துவிட்டது. செயலாளர் நீங்கள். செத்துப்போன தங்கை புருஷனின் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்கக்கூட நேரமில்லையா என்று முதலில் கோபம் வந்தது. பிறகு அந்த அழைப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்றாவது வரியில் 'செயலாளர் ஆண்டறிக்கை வாசித்தல்' என்று இருக்கிறது.

அண்ணா, அந்த அறிக்கையில் அவர் எப்படி இறந்தார் என்று எழுதி, எல்லோர் முன்னாலும் வாசியுங்கள்.

டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். முப்பத்திரண்டு வயது. சைக்கிளில் தீர்த்தமலை வரை போய் வருகிற உடம்பு. காலையில் உங்கள் கிடங்கில் ஒரு பழைய தொட்டியைக் கழற்றினார், மாலையில் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாரும் பேச மாட்டேன் என்கிறீர்கள். நீங்கள் ஜனாஸாவைத் தோளில் சுமந்தீர்கள், அழுதீர்கள், ஓசூருக்குப் போனீர்கள். அதற்குப் பிறகு இந்த அழைப்புதான் வந்தது.

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. ஒரு பத்தி. அவ்வளவுதான்.

ஷகிலா


ஓசூர்
17-1-1988

அன்புத் தங்கை ஷகிலாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உறை விஷயம் என் தவறு. போன வருடத்துப் பட்டியலை அப்படியே டைப் அடிக்கக் கொடுத்துவிட்டேன். உன் கையில் அதைக் கொடுத்த தபால்காரரை நினைத்துப் பார்த்தேன். அன்று முழுக்கச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

கூட்டத்தில் மச்சானுக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவதாக ஏற்கெனவே முடிவு செய்திருக்கிறோம். சங்கத் தலைவர் பெரியண்ணனே சொன்னார். இதுவரை எந்த மெக்கானிக்குக்கும் செய்ததில்லை. உனக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் பெங்களூர், கோயமுத்தூர், ஹைதராபாத் என்று வருகிற நாற்பத்து மூன்று வியாபாரிகளும் எழுந்து நிற்பார்கள்.

அறிக்கையில் எழுதுவதுதான் கஷ்டம். நீ எங்கள் தொழிலைப் புரிந்துகொள்ள வேண்டும். பெங்களூரில் டிரான்சிஸ்டர் செய்கிற கம்பெனி ஒன்று மூடினால், அதன் உலை, மெல்லிய தங்கக் கம்பி தைக்கிற மெஷின், சிலிக்கான் சில்லு கழுவுகிற தொட்டி எல்லாம் ஏலத்துக்கு வரும். எடுத்து வந்து, பழுது பார்த்து, சின்னச் சின்ன யூனிட்டுகளுக்கு விற்கிறோம். வாங்குகிறவனுக்கு நம் பேச்சை விட்டால் வேறு உத்தரவாதம் கிடையாது. இதனால் ஒரு உயிர் போயிற்று என்று செயலாளரே மைக்கில் சொன்னால், அடுத்த நாள் யார் வாங்குவார்கள்? போலீஸ், இன்ஸ்பெக்டர் என்று அலைச்சல் வேறு. பத்து வருடம் இதே தொழில் செய்த மச்சானே இதை விரும்பியிருக்க மாட்டார்.

டாக்டர் எழுதியதை நாம் ஏன் மாற்ற வேண்டும்? அல்லாஹ் குறித்த நேரம் அது. நீ துக்கம் காக்கிற இத்தா முடிந்ததும் நீயும் அம்மாவும் ஓசூருக்கு வந்துவிடுங்கள். மாடி அறை காலியாக இருக்கிறது.

நூர் பாஷா


கம்பைநல்லூர்
22-1-1988

அண்ணனுக்கு,

அன்று நடந்ததை உங்களுக்கு முழுதாகச் சொல்லாமல் விட்டது என் தவறு. இப்போது எழுதுகிறேன். நீங்கள் கடைசியில்தான் வந்தீர்கள்.

வியாழக்கிழமை வழக்கம்போல மறுநாள் ஜும்மாவுக்காக வீட்டுக்கு வந்தார். இரண்டு மணி இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "கை என்னமோ மதமதன்னு இருக்குது ஷகிலா. பஸ்ஸுல கம்பியே புடிக்க முடியல" என்றார். பார்த்தேன். காயம் இல்லை. விரல் நுனிகள் மட்டும் வெளுத்திருந்தன, துணி துவைத்து ஊறின மாதிரி. பேண்ட் தொடையில் ஒரு பெரிய ஈரக்கறை காய்ந்து நின்றது. "என்ன இது?" என்றேன். "தொட்டி கழட்டும்போது குழாய்த் தண்ணி மேல ஊத்திடுச்சு. மொழங்கை வரைக்கும் நனைஞ்சுட்டேன்" என்றார்.

மூன்று மணிக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டார். அவர் வலி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அன்று எலும்புக்குள் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். வெளியில் ஒன்றும் தெரியவில்லை அண்ணா. அதுதான் பயமாக இருந்தது. வாடகைக் கார் பிடித்து தருமபுரிக்குப் போனோம். டாக்டர் நல்லவர். "என்னத்தத் தொட்டாரு? ஆசிட் ஏதாச்சுமா? பேர் தெரிஞ்சாத்தான் மருந்து குடுக்க முடியும்" என்று என்னைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். நான் எதிர்க்கடைக்கு ஓடி உங்களுக்கு போன் போட்டேன். "வெறும் தண்ணிதான் ஷகிலா. பயந்துக்காத" என்றீர்கள். நான் போய் டாக்டரிடம் தண்ணீர் என்று சொன்னேன். சாயங்காலம் மஃரிப் பாங்கு சொல்வதற்கு முன்னால் அவர் போய்விட்டார்.

எதிர்வீட்டு சகாயமேரி டீச்சர் பள்ளியில் வேதியியல் சொல்லித் தருகிறவர். போன வாரம் என்னைப் பார்க்க வந்தபோது இதையெல்லாம் சொன்னேன். எழுந்து தன் வீட்டுக்குப் போனார். பிறகு புத்தகம் எடுத்து வந்து காட்டினார். கண்ணாடியையே கரைக்கிற ஒரு அமிலம் இருக்கிறதாம். ஹைட்ரோஃப்ளூரிக். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்குமாம். பட்டவுடன் வலிக்காதாம். தோலைத் தாண்டி எலும்புக்குப் போய் உடம்பின் சுண்ணாம்புச் சத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளுமாம். அப்புறம் இதயம் நின்றுவிடும். சில்லு கழுவுவதற்கு அதைத்தான் பயன்படுத்துவார்களாம். நேரத்தோடு தெரிந்திருந்தால் கால்சியம் மருந்து போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாமாம்.

உங்களுக்கு இது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் போனில் சொல்லியிருப்பீர்கள். ஆனால் உங்கள் நாற்பத்து மூன்று பேருக்கும் இப்போது தெரிய வேண்டும். எழுந்து நிற்பதால் என்ன பயன்?

ஷகிலா


ஓசூர்
3-2-1988

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கிடங்கிலும் வைத்துப் படித்தேன், வீட்டிலும் படித்தேன். பத்து நாளாக உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறேன்.

எழுதிவிட்டேன். அறிக்கையின் நான்காம் பக்கத்தில் வரும். கீழே இருப்பதைப் படித்துப் பார்.

'கடந்த 8-10-1987 அன்று நமது உறுப்பினர் ஒருவரின் கிடங்கில் பழைய அமிலத் தொட்டியைக் கழற்றும்போது, குழாயில் தங்கியிருந்த அமிலம் பட்டு ஊழியர் ஒருவர் காலமானார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இனி எந்த உறுப்பினரும் இத்தகைய தொட்டிகளை முறைப்படி கழுவாமல் கைமாற்றக் கூடாது என இக்கூட்டம் தீர்மானிக்கிறது.'

இதற்குப் பெரியண்ணன் என்ன சொல்வாரோ தெரியாது. என்னோடு கிடங்கில் பங்குதாரராக இருக்கும் பச்சியப்பனிடமும் காட்டவில்லை. உனக்கு மட்டும்தான் காட்டுகிறேன். இதற்கு மேல் என்னால் முடியாது ஷகிலா. என்னை அதிகமாகக் கேட்காதே.

நூர் பாஷா


கம்பைநல்லூர்
9-2-1988

அண்ணா,

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "எம் புள்ள நல்லவன்தான், நேரந்தான் எடுத்துக்குவான்" என்று சொல்லி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்கு மாதத்துக்குப் பிறகு நேற்றுத்தான் நானும் அம்மாவும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சில இடங்களை மாற்ற வேண்டும். 'உறுப்பினர் ஒருவரின் கிடங்கில்' என்பதை அப்படியே விட்டுவிடுங்கள், அதில் எனக்கு வழக்கில்லை. 'ஊழியர் ஒருவர்' என்பது கூடாது. அவருக்குப் பெயர் இருக்கிறது. அப்துல் சுபான், மெக்கானிக். உறையில் டைப் அடித்த மாதிரியே போடுங்கள்.

இன்னொரு வாக்கியம் சேருங்கள். டீச்சர் எழுதிக் கொடுத்தது: 'இந்த அமிலம் பட்டால் உடனே வலி தெரியாது. நிறையத் தண்ணீரில் கழுவி, தாமதிக்காமல் டாக்டரிடம் போய், அமிலத்தின் பெயரைச் சொல்ல வேண்டும்.' கழுவச் சொன்னால் உங்கள் ஆட்கள் கழுவ மாட்டார்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பேச்சுதான் உத்தரவாதம் என்று. அதனால் பட்ட பிறகு என்ன செய்வது என்றாவது தெரியட்டும்.

முழுப் பத்தியையும் கார்பன் வைத்து இரண்டு பிரதி எழுதி, ஒன்றை இதோடு அனுப்புகிறேன். மற்றது என்னிடம்.

வருகிற சனிக்கிழமை இத்தா முடிகிறது. நான்கு மாதமும் பத்து நாளும் இந்த நிலைப்படியைத் தாண்டவில்லை. முதலில் போகிற இடம் உங்கள் கூட்டமாக இருக்கட்டும். பெண்கள் வருவதில்லை என்று சொல்லாதீர்கள். அவர் பெயருக்கு வந்த அழைப்பு என்னிடம் இருக்கிறது. டீச்சர் கிருஷ்ணகிரி வரை துணைக்கு வந்து ஓசூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஷகிலா


ஓசூர்
1-3-1988

ஷகிலாவுக்கு,

நீ இதைப் பிரிப்பாயா என்று தெரியவில்லை.

பத்து மணிக்கு மண்டபத்தின் கடைசி வரிசையில் நீ வந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். மடியில் கார்பன் தாளை விரித்து வைத்திருந்தாய். நான் மூன்றாம் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு ஐந்தாம் பக்கத்துக்குப் போனேன். நீ குனிந்து தாளைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். பிறகு எழுந்து நின்றாய். "அம்மா, கேள்வியெல்லாம் சாப்பாட்டுக்கு அப்பறங்க" என்று பெரியண்ணன் மைக்கில் சொன்னார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகுதான் மௌன அஞ்சலி. எல்லோரும் எழுந்து நின்றபோது நீ வெளியே நடந்துகொண்டிருந்தாய்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் பெரியண்ணன் என்னைப் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். அறிக்கை அவர் கையில் இருந்தது. மிரட்டவில்லை. மெதுவாகத்தான் பேசினார். "படிங்க நூரு, நான் தடுக்கல. ஆனா அந்தத் தொட்டிக்கான விற்பனைச் சீட்டுல 'கழுவி உலர்த்தியது'ன்னு எழுதி இருக்குது. கீழ கையெழுத்து யாருதுன்னு ஒருத்தன் எந்திரிச்சுக் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

கையெழுத்து என்னுடையது.

மற்றதையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அந்த ஏலத்தில் ஒரே மாதிரி இரண்டு தொட்டி எடுத்தேன். அந்தக் கம்பெனியின் ஸ்டோர்கீப்பர் லாரி வரைக்கும் கூடவே வந்து, "அடிக் குழாய்ல ஆசிட் நிக்குது, சுண்ணாம்புத் தண்ணி விட்டு அலசாம தொடாதீங்க" என்று சொன்னார். அமிலத்தின் பெயரையும் சொன்னார். தொட்டியின் பக்கவாட்டில் மண்டை ஓடு போட்ட சீட்டு ஒட்டியிருந்தது. வாங்குகிறவன் பார்த்தால் பயப்படுவான் என்று அதைச் சுரண்டி எடுத்தவன் நான்தான். ஒரு தொட்டியை வாங்கிக்கொண்டு போக கோயமுத்தூர்க்காரர்கள் வியாழக்கிழமையே வந்துவிட்டார்கள். அலச ஒரு நாள் பிடிக்கும். மச்சான் கேட்டார், "உள்ள என்ன இருக்குது?" என்று. "தண்ணிதான், கழட்டுங்க" என்றேன்.

நீ போன் செய்தபோது அந்தக் கோயமுத்தூர்க்காரர்கள் என் மேஜைக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். உன் குரல் அவர்களுக்குக் கேட்குமோ என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அமிலம் என்ற சொல்லை அவர்கள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. கை வெந்துபோகும், நாலு நாளில் ஆறிவிடும், நேரில் வந்து டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். செத்துப்போவார் என்று நினைக்கவில்லை. அல்லாஹ் அறிய, அதை நினைக்கவில்லை.

மண்டபத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்தேன். கிருஷ்ணகிரி பஸ் போய்விட்டிருந்தது. அங்கேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நூர்


கம்பைநல்லூர்
21-3-1988

நூர் பாஷா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று டீச்சரிடம்கூடக் காட்டவில்லை. டாக்டரிடம் நான் என்ன சொன்னேன் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். "தண்ணிங்க, எங்கண்ணன் சொன்னாரு" என்று சொன்னேன். அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கும் அவருக்கும் உங்கள் பேச்சின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

மறுவாரம் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். உங்களைக் காட்டிக்கொடுக்கத்தான் போனேன், அதை மறைக்கவில்லை. உடம்பை அடக்கம் செய்துவிட்டீர்கள், டாக்டர் மாரடைப்பு என்று எழுதிவிட்டார், இனி என்ன செய்ய என்றார்கள். "அண்ணந்தங்கச்சி சண்டைய வூட்டுல பேசித் தீத்துக்கங்கம்மா" என்று ஒருவர் சொன்னார். தொழிற்சாலைகளைப் பார்க்கிற ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார் என்று டீச்சர் சொல்ல, அங்கேயும் போனேன். மூன்று நாள் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு கூப்பிட்டார். கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார். "கிடங்குல மொத்தம் எத்தன பேர் வேலை செய்யறாங்க?" என்று கேட்டார். ஆறு பேர் என்றேன். "பத்துப் பேர் இல்லைன்னா அது ஃபேக்டரியே இல்லம்மா. எங்க சட்டத்துக்குள்ள வராது" என்று சொல்லி மடித்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. வருத்தத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

உங்கள் குற்றத்தை உங்கள் கையெழுத்திலேயே எடுத்துப் போய் நீட்டினேன். வாங்கிக்கொள்ள ஆளில்லை. அதனால் உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். இதோடு இருக்கிறது.

அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். அவர் உங்கள் பெயரைச் சொல்வதில்லை. நோன்பு வருகிறது. பெருநாளைக்கு இங்கே வர வேண்டாம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், இதற்குப் பதில் எழுதுங்கள். ஒரே மாதிரி இரண்டு தொட்டி எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று எங்கே?

ஷகிலா


பென்னாகரம்
20-6-1988

ஷகிலாவுக்கு,

மூன்று மாதமாக இதற்கான பதிலைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆண்டுக் கூட்டத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் உறுப்பினர்கள் தங்களுக்குள் சரக்கு கைமாற்றிக்கொள்வது வழக்கம். நான் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது பச்சியப்பன் அந்த இரண்டாவது தொட்டியைச் சேலத்து உறுப்பினர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். பச்சியப்பனுக்கு எதுவும் தெரியாது, நான் சொல்லியிருக்கவில்லை. முதல் தொட்டியின் சீட்டைப் பார்த்து அதே மாதிரி எழுதி, என் பெயர் போட்ட முத்திரையைக் குத்தியிருக்கிறார். கழுவி உலர்த்தியது.

உன் கடிதம் வந்த அன்றே சேலம் போனேன். அந்த உறுப்பினருக்குத் தொட்டியின் மேல் இருந்த விசிறிதான் வேண்டியிருந்ததாம். அதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒரு பழைய இரும்புக் கடைக்குத் தள்ளிவிட்டார். அந்தக் கடையைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. கடைக்காரர் தர்மன் என்பவர். குழாயை வெட்டி எடுத்துவிட்டு, தொட்டியை உடைத்து பிளாஸ்டிக்குக்குப் போட்டுவிட்டோம் என்றார்.

"வெட்டும்போது ஏதாச்சும் ஒழுகுச்சுங்களா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் தண்ணி வந்துச்சுங்க."

"யார் வெட்டுனது?"

"கூலிக்கு ஒருத்தன் வந்துட்டு இருந்தான். முனியப்பன். ரெண்டு நாளு வந்தான். அன்னிக்கு மத்தியானமே கை மரத்துப்போச்சுன்னு கிளம்பிப் போனவன்தான். அப்பறம் ஆளே வரல."

ஊர் எது என்று கேட்டேன். பென்னாகரத்துக்கும் ஒகேனக்கல்லுக்கும் நடுவில் ஏதோ ஒரு ஊர் என்றார். அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை.

செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். நாற்பத்து மூன்று உறுப்பினருக்கும் அமிலத்தின் பெயரையும் டீச்சருடைய வாக்கியத்தையும் கையால் எழுதி அனுப்பினேன். மூன்று பேர் பதில் போட்டார்கள். அதில் இருவர் அடுத்த கூட்டம் எந்தத் தேதியில் என்று கேட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். காலையில் கிளம்பி ஒவ்வொரு ஊராக இறங்கி விசாரிக்கிறேன். முனியப்பன் என்ற பெயர் இந்தப் பக்கம் ஊருக்கு நாலு பேருக்கு இருக்கிறது. சேலத்துக்குக் கூலிக்குப் போனவர் என்று கேட்டால், யார்தான் போகவில்லை என்கிறார்கள். மார்ச் மாதத்தில் யாராவது திடீரென்று செத்தார்களா என்று கேட்டேன். ஒரு ஊரில் மாதம்மாள் என்ற அம்மா, "நீங்க யாருங்க, எதுக்குங்க சாவைக் கேட்டுக்கிட்டு வர்றீங்க?" என்று கதவைச் சாத்திக்கொண்டார். அந்த வீட்டில்தானோ என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். மறுபடி போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்டாய், அதனால் எழுதுகிறேன்.

இப்போது பஸ்ஸில் ஏறினால் யார் முகத்தையும் பார்ப்பதில்லை ஷகிலா. கம்பியைப் பிடித்திருக்கிற கைகளைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

நூர்